நம்மை நாமே விடுதலை செய்துகொள்ளலாமா?



"என் மனம் சுத்தம், அது அல்லாஹ்வுக்குத் தெரியும்." நம் சமுதாயத்தில் இந்த வாக்கியத்தைப் போல் அடிக்கடி சொல்லப்படுவதும், இதைப் போல் குறைவாகச் சிந்திக்கப்படுவதும் வேறில்லை. கொடுத்த கடனைக் கேட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியவர் இதைச் சொல்கிறார். மருமகளின் கண்ணீருக்குக் காரணமான மாமியார் இதைச் சொல்கிறார். ஜமாஅத் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்குக் கேட்கப்பட்டவுடன் சினந்து எழுந்த பொறுப்பாளரும் இதையே சொல்கிறார். மறைப்பானேன், நாமும் சொல்லியிருக்கிறோம்.

இவ்வாக்கியத்தின் பிற்பகுதியில் ஐயமில்லை. உள்ளங்களில் உள்ளவற்றை அல்லாஹ் நன்கறிவான். முற்பகுதிக்குத்தான் சாட்சி இல்லை. அவன் அறிவான் என்பதிலிருந்து நாம் தூய்மையானவர்கள் என்ற முடிவு எவ்வாறு பெறப்படும்? அவன் அறிவான் என்பது நம்மை நடுங்கச் செய்ய வேண்டிய செய்தி. அதையே நற்சான்றிதழாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாகத் திரிகிறோம்.

மனிதன் தன்னை உண்மையாகவே அறிய முடியுமா என்னும் கேள்வி தத்துவம் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. நம் வீட்டுச் சொத்துப் பத்திரத்திலும், திருமணப் பேச்சிலும், கடன் ஏட்டிலும் நாள்தோறும் விடை எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. அவ்விடையைத் தவறாக எழுதியவர் மறுமையில் அதைத் திருத்த இயலாது. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

ஒரு கையெழுத்தும் ஒரு புன்னகையும்

நம் ஊர்களில் எல்லோரும் கண்டிருக்கும் காட்சி ஒன்றை நினைவுபடுத்துகிறோம். தந்தை வஃபாத்தாகிச் சில மாதங்கள் கடந்திருக்கும். மூத்த மகன் தங்கைமார்களை அழைக்கிறார். பிரியாணி சமைக்கப்படுகிறது. மறுநாள் காலையில் அனைவரும் ஒரே வண்டியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்கிறார்கள். தந்தை விட்டுச்சென்ற வீட்டிலும் நிலத்திலும் தங்களுக்குள்ள உரிமையைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதாகத் தங்கைமார் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். ஒருத்திகூட முகம் சுளிப்பதில்லை. திரும்பும் வழியில் ஆளுக்கொரு புடவை வாங்கித் தரப்படுகிறது. "தங்கச்சிமாருங்க சந்தோஷமாத்தான் எழுதிக் கொடுத்தாங்க" என்று அண்ணன் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த அண்ணன் கொடியவர் அல்லர். ஐவேளைத் தொழுபவர். ஸகாத் கணக்கிட்டுக் கொடுப்பவர். தங்கை பிள்ளைகளின் படிப்புக்கும் உதவியிருக்கக்கூடும். அவர் பொய் சொல்லவும் இல்லை. தங்கைமார் மனமுவந்து தந்தார்கள் என்று அவர் மெய்யாகவே நம்புகிறார். நம் கவலை முழுவதும் அந்த நம்பிக்கையைப் பற்றியதே.

தங்கை ஏன் கையெழுத்திட்டாள்? பங்கு கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்பதை அவள் அறிவாள். நாளை கணவன் வீட்டில் ஏதேனும் நேர்ந்தால் பெட்டியோடு வந்து நிற்க அவளுக்கு வேறு இடமில்லை. பங்கு கேட்ட பெண்ணை ஊர் என்னவெல்லாம் பேசியது என்பதும் அவளுக்கு நினைவிருக்கிறது. அந்தக் கதவு திறந்திருப்பதற்காக அவள் கொடுத்த விலைதான் அந்தக் கையெழுத்து. புன்னகையோடு கொடுத்தாள் என்பதனால் அது அன்பளிப்பாகிவிடாது.

விட்டுச்சென்றது குறைவாயினும் அதிகமாயினும் ஆண்களுக்குப் பங்கு இருப்பது போல் பெண்களுக்கும் விதிக்கப்பட்ட பங்கு உண்டு என்று அந்நிஸா அத்தியாயம் அறிவிக்கிறது (4:7). மகளின் பங்கு எவ்வளவு என்பதைத் தொடர்ந்து வரும் வசனமே அளந்து தருகிறது (4:11). அவ்வளவுகளை அல்லாஹ் தன் வரம்புகள் என்று பெயரிட்டு, மீறுவோரை நரகத்தைக் கொண்டு எச்சரிக்கிறான் (4:13-14). தங்கை மனமுவந்து தந்தாளா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அவளுடைய பங்கை அளந்து, அவள் பெயருக்கு மாற்றி, பத்திரத்தை அவள் கையில் கொடுத்து, ஓர் ஆண்டு பொறுத்திருங்கள். அதன்பின் அவளாகவே திருப்பித் தந்தால் அது அன்பளிப்பு. இச்சோதனையை நடத்திப் பார்த்த அண்ணன்மார் எத்தனை பேர்? சோதிக்கத் துணியாத நம்பிக்கைக்கு "மனசுத்தம்" என்று பெயர் சூட்டிவிட்டோம்.

கைக்கூலியின் கதையும் இதுவே. "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களாகத்தான் செய்தார்கள்" என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். மூத்த மருமகள் கொண்டுவந்த நகையின் எடை பெண்பார்க்கும் நாளிலேயே பேச்சோடு பேச்சாகச் சொல்லப்பட்டதை அவர்கள் மறந்துவிட்டார்கள். மெய்யாகவே மறந்துவிட்டார்கள். பிறரை ஏமாற்றுபவனுக்காவது தான் செய்வது இன்னதென்று தெரியும். ஏமாற்றுபவனும் ஏமாறுபவனும் ஒருவனாகவே இருக்கும்போது யார் யாரைத் திருத்துவது?

குர்ஆன் காட்டும் மனிதன்

மனிதன் தன்னைப் பற்றித் தவறாக அறிந்திருப்பான் என்பதைத் திருக்குர்ஆன் தன் தொடக்கப் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறது. பூமியில் குழப்பம் விளைவிக்காதீர்கள் என்று சொல்லப்படும்போது, தாங்கள் சீர்திருத்துவோரே என்று பதில் கூறும் கூட்டத்தாரை அல்பகரா அத்தியாயம் அறிமுகப்படுத்துகிறது (2:11-12). அவர்களே குழப்பவாதிகள் என்று சொல்வதோடு நில்லாமல், அதை அவர்கள் உணர்வதில்லை என்றும் அல்லாஹ் சேர்த்துச் சொல்கிறான். அல்கஹ்ஃபு அத்தியாயம் இன்னும் கடுமையானது. செயல்களால் பெரும் நட்டமடைந்தோர் யார் என்று வினவி, முயற்சி முழுவதும் வீணாகிக்கொண்டிருக்க, தாம் அழகிய செயல்களையே செய்வதாக எண்ணிக்கொண்டிருப்போரே அவர்கள் என்று விடையும் தருகிறது (18:103-104). அவ்வசனங்கள் மறுப்பாளர்களைக் குறித்து அருளப்பட்டவை. ஆனால் வெள்ளிதோறும் அவ்வத்தியாயத்தை ஓதும் நாம், தன்னைப் பற்றிய தவறான எண்ணம் என்னும் நோய் இன்னொரு சமயத்தாருக்கு மட்டுமே வரும் என்று எண்ணிக்கொள்வதற்கு ஆதாரம் என்ன?

இங்கே கற்றறிந்த வாசகர் ஒருவர் நம்மை இடைமறிக்கலாம். மனிதன் தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்கிறான், எத்தனை சாக்குப்போக்குகளை எடுத்து வைத்தபோதிலும், என்னும் கருத்து அல்கியாமா அத்தியாயத்தில் இருக்கிறதே (75:14-15), அப்படியிருக்க மனிதன் தன்னை அறியான் என்று எப்படிக் கூறலாம் என்று அவர் கேட்பார். சரியான கேள்வி. அதற்குரிய விடையிலேயே இக்கட்டுரையின் சாரம் அடங்கியிருக்கிறது.

அவ்வசனத்தில் மனிதன் எந்தப் பக்கத்துச் சாட்சியாக நிறுத்தப்படுகிறான் என்று பாருங்கள். தனக்கு எதிராக. தனக்குச் சாதகமாக அவன் எடுத்து வைப்பவை சாக்குப்போக்குகள் என்றே சொல்லப்படுகின்றன. மறுபுறம், உங்களை நீங்களே தூய்மையானவர்கள் என்று கூறிக்கொள்ளாதீர்கள், இறையச்சமுடையவர் யார் என்பதை அவனே நன்கறிவான் என்னும் கட்டளையை அந்நஜ்மு அத்தியாயம் விடுக்கிறது (53:32). இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். நம்மைக் குற்றம் சாட்டும் அளவுக்கு நமக்கு நம்மைத் தெரியும். நம்மை விடுதலை செய்யும் அளவுக்குத் தெரியாது. குற்றப்பத்திரிகை எழுதும் வேலை நம்மிடம் தரப்பட்டிருக்கிறது. தீர்ப்பெழுதும் வேலை தரப்படவில்லை. நாமோ முதல் வேலையைக் கைவிட்டுவிட்டு இரண்டாவதைச் சட்டவிரோதமாக எடுத்துக்கொண்டோம்.

உள்ளே உற்றுப் பார்த்தால் போதுமா?

"உன்னை அறி" என்பது இன்று நல்ல வியாபாரம். இரண்டு நாள் பயிலரங்கில் உங்களை நீங்களே கண்டுபிடிக்கலாம் என்று விளம்பரம் வருகிறது. பத்து நிமிடத்தில் முடியும் கேள்வித்தாளை நிரப்பினால் பதினாறு வகை மனிதர்களுள் நீங்கள் எந்த வகை என்று கைப்பேசி சொல்லிவிடுகிறது. நம் இளைஞர்களும் இதில் மயங்கியிருக்கிறார்கள். "நான் இந்த வகை, தனிமை விரும்பி, ஆகவே சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்வருவது எனக்கு ஒத்துவராது" என்று ஒரு தம்பி நம்மிடம் சொன்னார். உறவைப் பேணுதல் என்னும் கடமையிலிருந்து ஒரு கேள்வித்தாள் அவருக்கு விலக்களித்துவிட்டது!

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பின்னர் ஒவ்வொருவருக்கும் அவரவர் குணநலனைப் பற்றிய குறிப்பைத் தந்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. தங்களை ஒருவர் இவ்வளவு துல்லியமாகக் கண்டுகொண்டாரே என்று மாணவர்கள் வியந்தார்கள். அனைவருக்கும் தரப்பட்டது ஒரே குறிப்பு என்பது பின்னரே அவர்களுக்குத் தெரியவந்தது. அதிலிருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவற்றை ஃபோரர் கடையில் விற்ற ஒரு சோதிட நூலிலிருந்து எடுத்திருந்தார். குறிகாரனிடம் செல்வதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகத் தடுத்தார்கள் என்பதை அறிந்த நாம், ராசிபலன் பக்கத்தைக் கண்டால் புரட்டிவிடுகிறோம். அதே முகத்துதி புதிய சட்டை அணிந்து வந்தால் உட்கார வைத்து விருந்தளிக்கிறோம்.

கேள்வித்தாள் வேண்டாம், நம் உள்ளத்தை நாமே நேர்மையாக உற்றுப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் ஆகிய இருவர் 1977-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை இடம்பெற்றிருக்கிறது. கடைக்கு வந்தவர்கள் முன் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரத்தில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வலது கோடியில் இருந்ததையே மிகுதியானவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது துணியின் தன்மை, நெசவு என்று அவரவர் பதில் சொன்னார்கள். நான்கும் ஒரே மாதிரியானவை! வைக்கப்பட்டிருந்த இடத்தால்தான் அதைத் தேர்ந்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அப்படி இருக்குமோ என்று கேட்டபோதும் ஏறத்தாழ எல்லோரும் மறுத்தார்கள். காரணத்தை அவர்கள் உள்ளே பார்த்துச் சொல்லவில்லை. செய்து முடித்தபின் பொருத்தமான ஒன்றைப் புனைந்தார்கள். புனைந்தோம் என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. காலுறை விஷயத்திலேயே நம் நிலை இதுவென்றால், தங்கையின் பங்கு விஷயத்தில் நம் உள்ளம் தரும் காரணங்களை எப்படி நம்புவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தன்னை அறிந்தவன் தன் இறைவனை அறிந்தான் என்னும் கருத்துள்ள வாசகம் நபிமொழி என்ற பெயரில் நம் மேடைகளில் முழங்கப்படுகிறது. இது நபி (ஸல்) அவர்களின் கூற்றாக உறுதிப்படவில்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்கள் இதைப் பற்றித் தனியே ஒரு சிறு நூலே எழுதினார்கள். இவ்வாசகத்தை ஏற்று விளக்கிய பெரியோர்களும் அதற்குத் தந்த பொருளைக் கவனியுங்கள்: தன் வறுமையை அறிந்தவன் அவனுடைய செல்வத்தை அறிவான், தன் இயலாமையை அறிந்தவன் அவனுடைய வல்லமையை அறிவான். அவர்கள் அறியச் சொன்னது நம் தேவையையும் குறையையும். நாமோ அதே வாசகத்தைச் சொல்லிக்கொண்டு நம் திறமைகளையும் சிறப்புகளையும் தேடிப் புறப்பட்டுவிட்டோம்.

தம்மை விடுதலை செய்யாதவர்கள்

ஸஹாபாக்கள் தம்மை எவ்வாறு நோக்கினார்கள்? நபி (ஸல்) அவர்களின் எழுத்தர்களுள் ஒருவரான ஹன்ழலா (ரலி) அவர்கள், தாம் நயவஞ்சகராகிவிட்டோமோ என்று அஞ்சிப் புறப்பட்டதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. நபியவர்களின் அவையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் தெரிவது போல் இருக்கிறது. வீடு திரும்பி மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்தவுடன் பெரும்பகுதி மறந்துபோகிறது என்பதே அவருடைய குறை. வழியில் சந்தித்த அபூபக்ர் (ரலி) அவர்களும் தம் நிலையும் அதுவே என்றார்கள். உமர் (ரலி) அவர்களோ, நயவஞ்சகர்களின் பெயர்களை நபி (ஸல்) அவர்களிடமிருந்து அறிந்திருந்த ஹுதைஃபா (ரலி) அவர்களிடம் சென்று, அப்பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று கேட்டதாக அறிவிக்கப்படுகிறது. சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்டவர் அவர்! தாம் சந்தித்த முப்பது ஸஹாபாக்களும் தம்மிடம் நயவஞ்சகம் இருக்குமோ என்று அஞ்சியதாக இப்னு அபீமுலைக்கா (ரஹ்) கூறியதை இமாம் புகாரி (ரஹ்) தம் நூலின் ஈமான் பகுதியில் எடுத்தெழுதியிருக்கிறார்கள். முப்பது பேரில் ஒருவர்கூட "என் மனம் சுத்தம்" என்று சொன்னதாக இல்லை.

பிற்காலத்தவருள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை எடுத்துக்கொள்வோம். பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமை ஆசிரியர். முந்நூறு மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். மார்க்கக் கல்வி போதிப்பதைவிடத் தூய பணி ஏது? ஆயினும் தம் நிய்யத்தை அவர் ஆராய்ந்தபோது, அது அல்லாஹ்வுக்காக இல்லை, புகழும் பதவியுமே தம்மை இயக்குகின்றன என்று கண்டார். 1095-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதங்கள், போவதா இருப்பதா என்று தத்தளித்தார். இறுதியில் பேச நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. அனைத்தையும் விட்டு வெளியேறினார். இவையெல்லாம் அவரே தம்மைப் பற்றி எழுதிவைத்தவை. அவ்வளவு பெரும் அறிஞருக்குத் தம் உள்ளத்தின் ஓர் அறையைத் திறந்து பார்க்க அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. நாம் பெருநாள் தொழுகைக்குப் பின் கட்டித் தழுவும் நேரத்தில் நம்மை முழுவதும் அறிந்துவிட்டதாக எண்ணுகிறோம்.

கண்ணாடி வெளியே இருக்கிறது

அப்படியானால் வழி என்ன? இஹ்யா உலூமித்தீன் நூலில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தன் குறையைத் தான் அறிவதற்கு நான்கு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, உள்ளத்தின் நோய்களை அறிந்த ஆசிரியரிடம் ஒப்படைத்தல். இரண்டு, மார்க்கப் பற்றும் உண்மையும் உள்ள நண்பனைத் தன்மேல் கண்காணிப்பாளனாக வைத்துக்கொள்ளுதல். மூன்று, பகைவர்கள் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுப் பயன்பெறுதல். நான்கு, மக்களோடு கலந்து பழகி, பிறரிடம் வெறுக்கும் குறை தன்னிடம் உள்ளதா என்று தேடுதல். இந்நான்கில் ஒன்றுகூட அறையைச் சாத்திக்கொண்டு தனியே உள்ளே பார்ப்பதன்று. நான்கும் வெளியே இருக்கின்றன. தன்னையே கணக்குக் கேட்பதில் காட்டிய உறுதியால் முஹாஸிபீ என்றே பெயர் பெற்றவர் ஹிஜ்ரி 243-இல் மறைந்த ஹாரிஸ் (ரஹ்) அவர்கள். முஹாஸபா என்னும் சொல்லே கணக்குப் பார்த்தலைக் குறிப்பது. கணக்கு என்றால் கொடுத்தவரும் வாங்கியவரும் இருப்பார்கள். நாம் எழுதிய ஏடு மட்டும் சான்றாகாது. எதிர்த்தரப்பின் ஏட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

ஒருவரை நல்லவர் என்று சாட்சி கூற வந்த மனிதரிடம் உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விகள் புகழ்பெற்றவை. நீ அவருக்கு அண்டை வீட்டாரா? அவரோடு பணம் கொடுக்கல் வாங்கல் செய்தாயா? அவரோடு பயணம் செய்தாயா? எதற்கும் ஆமென்று சொல்ல முடியாதவரிடம், அப்படியானால் நீ அவரை அறியமாட்டாய் என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். பள்ளிவாசலில் அவர் குனிந்து நிமிர்வதைக் கண்டிருப்பது போதாது என்பது அவர்கள் கொள்கை. இக்கேள்விகளை நம்மைப் பற்றியே கேட்டுக்கொண்டால் என்ன? நம் அண்டை வீட்டார் நம்மை என்ன சொல்வார்? நமக்குக் கடன் கொடுத்தவர் என்ன சொல்வார்? நம்மோடு பயணம் செய்தவர் மீண்டும் வர விரும்புவாரா? நம்மைப் பற்றிய அறிவு அவர்களிடம் சிதறிக் கிடக்கிறது. நாம் கேட்பதில்லை, ஆகவே அவர்கள் சொல்வதில்லை.

நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். உம்மாவுக்கு நாம் நல்ல பிள்ளை என்றே எண்ணியிருந்தோம். மாதந்தோறும் பணம், மருந்து, வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒலிச்செய்தி என்று எதிலும் குறை வைத்ததில்லை. ஒரு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அடுப்படியிலிருந்து நம் குரல் கேட்டது. ஒரு மருந்தின் பெயரைச் சரிபார்க்க, நாம் முன்பு அனுப்பிய செய்தியை உம்மா மீண்டும் ஓடவிட்டிருந்தார். "சரிம்மா, சரி... சொல்லிட்டேன்ல... வைக்கிறேன்." சொற்களில் குற்றமில்லை. குரலில் இருந்த அவசரத்தையும் சலிப்பையும் கேட்டு நாம் கூசி நின்றோம். பெற்றோரைப் பார்த்து "ச்சீ" என்ற அளவுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்னும் கட்டளை (17:23) நமக்கு மனப்பாடம். அதைச் சொல்லாமலே சொல்ல முடியும் என்பது அன்றுதான் விளங்கியது. முதல் நாள் நம்மிடம் கேட்டிருந்தால், உம்மாவிடம் அன்பாகவே பேசுகிறோம் என்று சத்தியம் செய்திருப்போம். அந்த உண்மை நம் நெஞ்சின் ஆழத்தில் புதைந்திருக்கவில்லை. உம்மாவின் கைப்பேசியில் இருந்தது. உம்மா அதை எத்தனையோ முறை கேட்டிருந்தார். நமக்கு மட்டும்தான் தெரியாது.

வஸ்வாஸ் வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம்மில் சிலருக்கு நோய் இதற்கு நேர்மாறானது. நிய்யத் சரியாக வந்ததா என்று தக்பீரை மீண்டும் மீண்டும் கட்டுகிறார்கள். ஒளூவை முடிக்க முடியாமல் தவிக்கிறார்கள். தம்மை வெறுத்து ஒடுங்குகிறார்கள். இக்கட்டுரை அவர்களை நோக்கி எழுதப்பட்டதன்று. அவர்கள் ஆலிமிடமும், தேவையெனில் மருத்துவரிடமும் செல்லட்டும், அதில் வெட்கமில்லை. ஹன்ழலா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தந்த பதிலும் ஆறுதலே: அவையில் இருந்த அதே நிலையில் எப்போதும் இருந்தால் வானவர்களே படுக்கைகளிலும் பாதைகளிலும் வந்து கைகுலுக்குவார்கள், ஆனால் இதற்கொரு நேரம், அதற்கொரு நேரம். மனிதர் மனிதராக இருப்பது குற்றமில்லை.

நிய்யத் கலங்கியிருக்கிறது என்று கண்டு நற்செயலையே விட்டுவிடுவதும் வழியன்று. மக்கள் பார்ப்பார்களே என்பதற்காக நற்செயலைக் கைவிடுவதும் முகஸ்துதியே என்று ஃபுளைல் இப்னு இயாழ் (ரஹ்) அவர்கள் எச்சரித்தார்கள். இமாம் கஸ்ஸாலியும் (ரஹ்) பதினோரு ஆண்டுகளுக்குப் பின் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்தவே வந்தார்கள். உள்ளத்தைத் தோண்டிக்கொண்டே இருப்பதற்கு முடிவில்லை. செய்த செயலுக்கோ முடிவுண்டு. அதை எண்ணலாம், அளக்கலாம், திருப்பிக் கொடுக்கலாம்.

"நான் யார்" என்று கேட்டால் நஃப்ஸ் மகிழ்ச்சியோடு பதில் சொல்லத் தொடங்கிவிடும்; அதற்கு மிகவும் பிடித்த தலைப்பு அதுவே. "யாருக்கு என்ன செய்தேன், யாருடையது என்னிடம் இருக்கிறது" என்று கேளுங்கள். அது வாய் மூடிக்கொள்ளும். அப்போதுதான் கணக்குத் தொடங்குகிறது.

மறுமையில் தொழுகை, நோன்பு, ஸகாத் அனைத்தோடும் வந்து, பிறர் உரிமையைப் பறித்த காரணத்தால் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்து, இறுதியில் அவர்கள் பாவங்களையும் சுமந்து நரகம் புகும் மனிதனையே உண்மையான திவாலாகி என்று நபி (ஸல்) அவர்கள் அடையாளம் காட்டினார்கள். அவன் உலகில் தன்னை ஏழையென்று எண்ணியிருப்பானா? மூட்டை நிறைய நன்மையோடு வந்திருக்கிறேன் என்றுதான் எண்ணியிருப்பான். தன்னை அறியாதவனின் முடிவு அது.

ஆகவே சகோதரரே, இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். அந்த விடுதலைப் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுங்கள். தங்கையின் வீட்டுக்குச் செல்லுங்கள். மைத்துனர் இல்லாத நேரமாக, பிரியாணி இல்லாமல், புடவை இல்லாமல் செல்லுங்கள். "வாப்பா சொத்தில் உன் பங்கு இவ்வளவு. இதை நான் உனக்குத் தர வேண்டும். நீ பங்கு வாங்கினாலும் இந்த வீட்டு வாசல் உனக்கு அடைபடாது" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பாருங்கள். பல ஆண்டுகளாக உங்கள் உள்ளத்திடம் கேட்டும் கிடைக்காத பதில் அங்கே இருக்கும்.

அவள் பங்கை வாங்கிக்கொண்டால் வருந்தாதீர்கள். நீங்கள் யார் என்பதைப் பற்றி ஓர் உண்மையை அறிந்துகொண்டீர்கள். அதைத் திருத்திக்கொள்ள உயிரோடும் இருக்கிறீர்கள். அந்தப் பத்திரத்தால் அவள் விடுதலை தந்தாளே தவிர, அல்லாஹ் இன்னும் தரவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் குறைகளை எங்களுக்குக் காட்டித் தருவாயாக. அவற்றைச் சுட்டிக்காட்டுவோரை எங்களுக்கு நண்பர்களாக ஆக்குவாயாக. நாங்கள் அறிந்தும் அறியாமலும் பறித்த உரிமைகளை, உன்னைச் சந்திக்கும் முன்னரே உரியவர்களிடம் சேர்க்கும் துணிவை எங்களுக்குத் தந்தருள்வாயாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.